வீட்டைக் காட்டு, பாலத்தை அப்புறம் பார்ப்போம்

நவம்பர் 14, முதல் நாள்

கொல்கத்தா வந்து சேர்ந்தாயிற்று. ஹவுராவில் இறங்கினதும் அந்தப் பாலத்தைப் படம் எடுத்துப் போடு என்று சொல்லித்தான் ஊரே வழியனுப்பியது. ஆனால் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் இப்போது ஹவுராவுக்கே போவதில்லை, தெற்கே ஷாலிமாரோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து தென் கொல்கத்தாவுக்கு டாக்சி பிடித்தால் வண்டி ஏறுவது வித்யாசாகர் சேதுவில். 1992-ல் திறந்தது, இரண்டு பக்கமும் விசிறி விரித்த மாதிரி கம்பிகள் இழுத்துப் பிடித்திருக்கும். நான் அதைத்தான் ஹவுரா பாலம் என்று நினைத்து, டாக்சிக் கண்ணாடி வழியாக நாலு படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டேன். பதினொன்றாவது படிக்கிற மகன் உடனே எழுதினான்: “அம்மா, இது வேற பாலம்.”

பேங்கில் பதவி உயர்வு கொடுத்தால் கூடவே வெளி மாநிலமும் கொடுப்பார்கள் என்பது தெரிந்ததுதான். 19 வருஷம் தூத்துக்குடி மாவட்டத்துக்குள்ளேயே ஓட்டிவிட்டதால் நமக்கு மட்டும் வராது என்று ஒரு நினைப்பு இருந்தது, அவ்வளவுதான். வீட்டுக்காரரும் பையனும் தூத்துக்குடியில், அம்மா உடன்குடியில், நான் இங்கே. தினமும் போனில் பேசினால் போதாது, என்ன சாப்பிடுகிறாய், எங்கே படுக்கிறாய் என்று கண்ணால் பார்க்கணும் என்று அம்மா சொன்னதால்தான் இந்தப் படங்களும் குறிப்புகளும். இரண்டு விரலால் படத்தைப் பெரிசாக்கிப் பார்க்க அம்மா கற்றுக்கொண்டது போன பொங்கலுக்குத்தான், அன்றிலிருந்து எதையும் மறைக்க முடிவதில்லை.

சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,660 கிலோமீட்டர். ராஜமுந்திரியில் கோதாவரி வந்தபோது எதிர் சீட்டு அம்மா சில்லறையைத் தேடி எடுத்து ஆற்றில் போட்டார், எனக்கும் ஒரு காசு கொடுத்துப் போடச் சொன்னார். வழியில் எடுத்ததில் உருப்படியான படம் அது ஒன்றுதான்.

நவம்பர் 15, இரண்டாம் நாள்

வீடு காளிகாட் மெட்ரோவுக்குப் பக்கத்தில், ஒரு பழைய மூன்று மாடி வீட்டின் இரண்டாவது மாடி. சிவப்புத் தரை, நம்ம பக்கத்துப் பழைய வீடுகளில் இருக்குமே, அதேதான், தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துடைத்தால் முகம் தெரியும். சன்னல்களுக்குப் பச்சை வர்ணம் அடித்த மரச் சட்டங்கள், சாய்த்துவிட்டால் காற்று வரும், வெயில் வராது. சாயந்திர வெளிச்சம் அந்தச் சட்டங்கள் வழியாகத் தரையில் கோடு கோடாக விழுந்ததை ஏழு படம் எடுத்தேன். ஏழும் நன்றாக வந்திருக்கின்றன, நானே சொல்லிக்கொள்கிறேன்.

அம்மாவிடமிருந்து குரல் செய்தி வந்தது: “ஏட்டி வள்ளி, சன்னலு நல்லாத்தான் இருக்கு. அடுப்படியக் காட்டலியே. கதவுக்கு உள்தாழ்ப்பா இருக்கா? கொடி எங்க கட்டிருக்க? மொதல்ல வீட்டக் காட்டு, பாலத்த அப்புறம் பாப்போம்.”

சரி என்று தாழ்ப்பாள், வாளி, குழாய், ஒற்றை அடுப்பு, மாடியில் கட்டின கொடிக்கயிறு எல்லாவற்றையும் வரிசையாக எடுத்து அனுப்பினேன். கொடி தொய்ந்திருக்கிறது என்று பதில். தொய்ந்துதான் இருந்தது.

ஒரு விஷயம் யாரும் சொல்லி அனுப்பவில்லை. இங்கே மாலை ஐந்து மணிக்கு முன்னாலேயே சூரியன் போய்விடுகிறது. 4.50 தான், அப்புறம் கடகடவென்று இருட்டு. உடன்குடியில் அந்த நேரத்தில் பிள்ளைகள் இன்னும் வெயிலில் விளையாடிக்கொண்டிருக்கும். கடிகாரம் ஒன்றுதான், ஊர் பத்து பாகை கிழக்கே இருக்கிறது. முதல் இரண்டு நாளும் ஐந்தரைக்கே சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, ஏழு மணிக்கு எதற்காக விழித்திருக்கிறோம் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

நவம்பர் 17, நான்காம் நாள்

பணியில் சேர்ந்தேன். வள்ளி என்ற பெயர் காலை பத்தரைக்கே காலி. இவர்கள் நாக்கில் வகரம் இல்லை, ளகரம் இல்லை, அகரமோ ஒகரமாகிவிடும். ஆக நான் ‘பொல்லி’. வயதில் சின்னவர்கள் பொல்லி தீதி என்கிறார்கள். வள்ளியில் மிச்சம் இருப்பது கடைசி இகரம் மட்டும்தான். கீழ் வீட்டு உரிமையாளர் அம்மாவை எல்லோரும் மாஷிமா என்கிறார்கள், நானும் அப்படியே. பெரியம்மா, சித்தி மாதிரி ஒரு முறை அது. அவரும் ‘பொல்லி, ஜோல் காபே?’ என்கிறார். தண்ணீர் சாப்பிடுகிறாயா என்று அர்த்தம். இங்கே தண்ணீரையும் சாப்பிடுவார்கள், டீயையும் சாப்பிடுவார்கள், சிகரெட்டையும் சாப்பிடுவார்கள்.

அம்மாவிடம் பெயர் விஷயத்தைச் சொன்னேன். “பொல்லாதவன்னு சரியாத்தான் கூப்பிடுதாவ.”

நவம்பர் 18

படம் இல்லை. களைப்பு.

நவம்பர் 20, ஏழாம் நாள்

நவம்பர் மாதம் பேங்கில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், ஓய்வூதியக்காரர்கள் எல்லோரும் உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்க வேண்டிய மாதம் இது. காலையிலேயே வாசலில் கூட்டம். வந்த தாத்தாக்களில் பாதிப் பேர் தலையில் குரங்குக் குல்லாய், அதாவது கண்ணும் மூக்கும் மட்டும் தெரிகிற கம்பளிக் குல்லாய். குளிர் எவ்வளவு என்கிறீர்கள்? காலை 20 டிகிரி. நம்ம ஊர் மார்கழி விடியற்காலையும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும், நாம் ஒரு துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு கோலம் போடுவோம்.

இப்போது போன் கேமராவில் முகத்தைக் காட்டியே சான்று கொடுக்கலாம். அதற்குக் குல்லாயைக் கழற்ற வேண்டும். ஒரு தாத்தா, எண்பது இருக்கும், கழற்ற மாட்டேன் என்றுவிட்டார். ‘தண்டா லேகே ஜாபே’, குளிர் பிடித்துக்கொள்ளும். மூக்கு வரை தெரிகிறதே, போதாதா என்று கேட்கிறார். போதாது என்கிறது போன். நானும் எழுத்தர் பையனும் சேர்ந்து மின்விசிறியை நிறுத்தி, சன்னலைச் சாத்தி, இனிமேல் காற்று வராது என்று அவர் கையை நீட்டிப் பார்த்து உறுதிசெய்துகொண்ட பிறகுதான் குல்லாய் கழன்றது. முகம் பதிந்ததும் பச்சை விளக்கு மாதிரி ஒரு குறி வந்தது. ‘பேஞ்சே ஆச்சி?’ என்று கேட்டார். உயிரோடு இருக்கேனா? இருக்கீங்க என்றேன். குல்லாய் திரும்பவும் ஏறிவிட்டது.

இதைப் படம் எடுக்க முடியாது, வாடிக்கையாளர் விஷயம். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன்.

நவம்பர் 21

பேருந்தில் நான் இறங்கும்போதெல்லாம் நடத்துநர் தகரத்தில் அடித்து ‘ஆஸ்தே லேடிஸ்’ என்று கத்துகிறார். மெதுவா, பொம்பளை இறங்குது என்று டிரைவருக்குச் சொல்வது. கையில் குழந்தை இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்வார்கள், ‘கோலே பாச்சா’. சில நாள் என் கையில் சாப்பாட்டுக் கூடையைப் பார்த்தும் அதையே கத்துகிறார்கள்.

நவம்பர் 22, ஒன்பதாம் நாள்

நாலாவது சனி, பேங்க் லீவு. ஒருவழியாகப் பாலம்.

காளிகாட்டில் மெட்ரோ ஏறினேன். இந்தியாவின் முதல் மெட்ரோ ஓடியது இந்தத் தடத்தில்தான், 1984-ல், எஸ்ப்ளனேடிலிருந்து பவானிபூர் வரை. எஸ்ப்ளனேடில் மாறினால் ஹவுராவுக்கு இன்னொரு ரயில், 2024-ல் தொடங்கியது, ஹூக்ளி ஆற்றுக்கு அடியிலேயே போகிறது. ஆற்றுக்குக் கீழே அரை கிலோமீட்டர் சொச்சம், முக்கால் நிமிஷம். சுரங்கச் சுவரில் நீல விளக்கு போட்டிருக்கிறார்கள். அது வந்ததும் பெட்டியில் இருந்த எல்லோரும் போனைக் கண்ணாடியில் ஒட்டி வைத்தார்கள், நானும்தான். எனக்குக் கிடைத்தது நீலமும் இல்லாத ஒரு கறுப்பும், அதில் என் மூக்கின் நிழலும். அம்மாவுக்கு அனுப்பவில்லை.

மேலே ஏறி வெளியே வந்தால் பாலம் தலைக்கு மேலே நிற்கிறது. படத்தில் பார்த்ததைவிட அழுக்காக, படத்தில் பார்த்ததைவிட ரொம்பப் பெரிசாக. 1943-ல் திறந்தார்கள். 26,500 டன் இரும்பு, ஆற்றுக்குள் ஒரு தூண்கூடக் கிடையாது. திருகாணியும் போல்ட்டும் இல்லாமல் ரிவிட் அடித்தே கட்டியது. நடந்து போகும்போது பெரிய லாரி வந்தால் காலடியில் அதிர்வு தெரியும். இவ்வளவு பெரிய இரும்பை எது அரித்தது என்றால் வெற்றிலை எச்சில்! தூக்குக் கம்பிகளின் அடியில் எல்லோரும் துப்பித் துப்பி இரும்பு கரைந்து போய், கடைசியில் கண்ணாடியிழை உறை போட்டு மூடினார்கள். அந்த உறையிலும் சிவப்பு.

கிழக்கு முனையில் பாலத்துக்குக் கீழே மல்லிக் காட் பூச்சந்தை. செண்டுமல்லி, செண்டுமல்லி, எங்கே திரும்பினாலும் செண்டுமல்லி, மஞ்சளும் ஆரஞ்சும் மலைப்பாம்பு மாதிரி சுருட்டி ஆண்கள் தோளில் போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள். நடுவில் தாமரை மொட்டு, நிலச்சம்பங்கி. முழக்கணக்கு இல்லை, கட்டுக்கணக்கு. தலையில் வைக்க ஒரு துண்டு பூ கேட்டால் புரியாமல் பார்க்கிறார்கள், இங்கே பூ சாமிக்கு, இல்லையென்றால் கல்யாணத்துக்கு.

பாலத்தை நாலு கோணத்தில் அனுப்பினேன். அம்மா: “பூ முழம் என்ன வெல?”

நவம்பர் 23

ஞாயிறு, மீன் சந்தை. மாஷிமா கூட்டிப்போனார். நான் பிறந்த ஊரில் மீன் என்றால் சீலா, விளை, பாறை, நெத்திலி. இங்கே ரூய், காத்லா, பாப்தா, எல்லாம் ஆற்று மீன், குளத்து மீன். முள்ளோ முள். கடல் மீனைச் சொன்னால் மாஷிமா முகம் சுளிக்கிறார், வாடை அடிக்குமாம். ஆற்று மீனில் எனக்குச் சேற்று மணம் வருகிறதே, அதை எப்படிச் சொல்ல?

படத்தில் இருப்பது மீன்காரர் வெட்டுகிற கருவி. பொண்டி என்கிறார்கள். பார்த்ததும் சிரித்துவிட்டேன், நம்ம அரிவாள்மணையேதான். வளைந்த கத்தி மேலே நிற்க, கட்டையைப் பாதத்தால் அழுத்திக்கொண்டு, நாலு கிலோ காத்லாவை இரண்டு கையாலும் பிடித்துக் கத்தியில் தள்ளுகிறார். மீன்தான் நகர்கிறது, கத்தி அசைவதில்லை. தலையைத் தனியாக எடுத்து, பருப்பில் போடுங்கள் என்று மாஷிமா கையில் கொடுத்தார். நான் பொண்டியை மட்டும் எடுப்பதைக் கவனித்துவிட்டு, என் மூஞ்சிக்கு என்ன குறை என்று கேட்டார். அப்புறம் மீனைத் தூக்கிக்கொண்டு நின்று போஸ் கொடுத்தார். அதைப் போடவில்லை, அவரிடம் கேட்காமல் ஊருக்கெல்லாம் காட்டுவது சரியில்லை.

அரிசிக்கு இங்கே சித்தோ, ஆதப் என்று இரண்டு வகை. சித்தோ புழுங்கல், ஆதப் பச்சரிசி. சித்தோ வாங்கினால் பிரச்சினையே இல்லை. ஒன்பது நாளாக ரொட்டி சாப்பிட்டு வாடிப்போன வயிறு அன்றைக்குத்தான் நிமிர்ந்தது. கடுகெண்ணெய்க்கு மட்டும் இன்னும் மனசு வரவில்லை.

நவம்பர் 26

சாமான் கொண்டுவந்த லாரிக் கம்பெனியைப் பற்றி எழுதினால் இரண்டு பக்கம் ஆகும். சுருக்கமாக: மிக்சி வந்தது, ஜார் வரவில்லை. போனில் கேட்டால், மிக்சி வந்ததா வரலையா என்று என்னையே கேட்கிறார்கள்.

நவம்பர் 30, பதினேழாம் நாள்

லேக் மார்க்கெட் நடக்கிற தூரம்தான், இத்தனை நாள் தெரியாமல் இருந்திருக்கிறேன். தென்னிந்தியர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிற பகுதி. முருங்கைக்காய், கறிவேப்பிலை, வாழையிலை, அப்பளம், அங்கேயே அரைத்துத் தருகிற காப்பித்தூள். கடைக்காரர் தாத்தா காலத்தில் வந்தவர்களாம். தமிழ் பேசுகிறார், ராகம் மட்டும் வங்காளம், ஒவ்வொரு வாக்கியமும் கடைசியில் மேலே ஏறி நிற்கிறது. ஊர் எது என்றார். உடன்குடி என்றேன். “கருப்பட்டி!” என்றார். அந்த ஒரு வார்த்தைக்குக் கால் கிலோ காப்பித்தூள் கூடுதலாக வாங்கிவிட்டேன்.

திரும்பும்போது ராஷ்பிகாரி அவென்யூவில் டிராம் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். 1873-ல் குதிரை இழுத்து ஆரம்பித்து, 1902-ல் மின்சாரத்துக்கு மாறியது. இப்போது ஊரில் பல இடங்களில் தண்டவாளத்தின் மேல் தார் ஊற்றிவிட்டார்கள். சென்னையில் 1953-லேயே டிராம் போய்விட்டது, அதனால் நமக்கு வருத்தப்படக்கூடத் தெரியாது. இங்கே பேங்கில் டிராம் என்று வாயெடுத்தால் போதும், அன்றைக்கு வேலை நடக்காது.

டிசம்பர் 4

மாவு புளிக்கவில்லை. போர்வை போர்த்தி வைத்தும் புளிக்கவில்லை. குரங்குக் குல்லாய் போட்டுப் பாருங்கள் என்கிறான் மகன்.

டிசம்பர் 7, இருபத்து நாலாம் நாள்

இன்றைக்குக் கொஞ்சம் பெரிசாக எழுதப்போகிறேன்.

காலையில் மாஷிமா ஒரு தட்டில் சந்தேஷ் என்கிற பால் இனிப்பைக் கொண்டுவந்தார். பிஸ்கட் நிறம். வாயில் வைத்தேன், ஒரு நிமிஷம் எதுவும் ஓடவில்லை. கருப்பட்டி. இல்லை, கருப்பட்டி மாதிரி, ஆனால் அது இல்லை. கொஞ்சம் லேசாக, கொஞ்சம் புகை மணத்தோடு. ‘நொலேன் குர்’ என்றார். புது வெல்லம். பேரீச்சை இனம்தான், காட்டு ஈச்ச மரம், அதன் சாற்றைக் காய்ச்சுவது. குளிர்காலத்தில் மட்டும்தான் வரும், குளிர் ஏற ஏறத்தான் சாறு இனிக்குமாம். இதே வெல்லத்தில் பொரி உருட்டி ஜயநகரில் மோவா என்று செய்கிறார்கள், நம்ம பொரி உருண்டைக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி.

பதினொரு மணிக்குச் சந்தைக்கே போய்விட்டேன். ஒரு பெரியவர் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் தட்டைத் தட்டையாகக் கட்டி வெல்லம், பாட்டாலி. இன்னொரு பக்கம் மண்சட்டியில் பாகு, ஜோலா குர். எங்கள் பக்கத்தில் கட்டியாவதற்கு முன்னால் எடுக்கிற கூப்பனி மாதிரி. நம்ம கருப்பட்டி சிரட்டையில் ஊற்றுவதால் அரை உருண்டையாக இருக்கும், இது தட்டு. நகத்தால் அழுத்தினால் பதிகிறது. மேலே மங்கல் பழுப்பு, உடைத்த இடத்தில் ஈரமாக, கருமையாக. அந்த உடைந்த இடத்தைத்தான் கிட்டப்போய்ப் படம் எடுத்தேன். மூன்று வாரத்தில் நான் எடுத்ததில் இதுதான் நல்ல படம், சன்னல் வெளிச்சம் எல்லாம் பக்கத்தில் வராது.

அனுப்பி ஐந்து நிமிஷம் ஆகவில்லை, அம்மாவே கூப்பிட்டாள். பாலத்துக்குக் கூப்பிடவில்லை, ஆற்றுச் சுரங்கத்துக்குக் கூப்பிடவில்லை, இதற்குக் கூப்பிட்டாள். “ஏட்டி, கலயத்துல சுண்ணாம்பு தடவுதானா, கேளு.”

தாத்தா பனையேறி. அருவாப்பெட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு காலையும் மாலையும் ஏறுவார், பாளை சீவுவார். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவாவிட்டால் பதனீர் கள்ளாகிவிடும். ஆச்சியும் அம்மாவும் விடிலியில், அதாவது பதனீர் காய்ச்சுகிற குடிசையில், உட்கார்ந்து பனையோலை எரித்துக் காய்ச்சுவார்கள். அம்மா கையில் இன்னும் அந்தச் சூட்டுத் தழும்பு இருக்கிறது. அதனால் கேள்வி சும்மா வந்தது இல்லை.

சுண்ணாம்புக்கு வங்காளத்தில் சூன். அது மாஷிமாவின் வெற்றிலைப் பெட்டியால் எனக்கு முன்பே தெரியும். போனைக் காதில் வைத்துக்கொண்டே கேட்டேன்: ஹாண்டியில் சூன்? பெரியவர் தலையை ஆட்டினார், இல்லை. பானையைக் கவிழ்த்துப் பிடிக்கிற மாதிரி கையை வைத்து, கீழே வைக்கோல் எரிவதைக் காட்டி, ‘தோயா’ என்றார். புகை. பானையைக் கழுவிக் காயவைத்துப் புகை போடுகிறார்களாம், அவர் ஊரில் அப்படித்தான் என்றார். எனக்கு அடித்த மணம் அதுதானோ என்னவோ. அப்புறம் அவரே ஆரம்பித்துவிட்டார், பாதி இந்தி, பாதி கை. பாளை சீவுவது கிடையாது, மரத்தின் கழுத்திலேயே பட்டையைச் சீவி ஒரு குழல் செருகிவிடுவார்கள். ராத்திரி முழுக்கச் சொட்டும், விடிவதற்குள் இறக்கணும், வெயில் பட்டால் போச்சு. சில ராத்திரி எடுத்ததும் மரத்தை மூன்று நாள் போல விட்டுவிடுவார்கள். இளைப்பாறி எழுந்த மரத்தின் முதல் ராத்திரிச் சாற்றுக்குத் தனிப் பெயர், ஜிரேன். அதுதான் உசத்தி.

எல்லாவற்றையும் அம்மாவுக்கு உடனுக்குடன் சொல்லிக்கொண்டே வந்தேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“மரத்துக்கு மூணு நாளு லீவு விடுதானா? ஒங்க தாத்தாவுக்கு ஞாயித்துக்கெழமகூடக் கெடையாது.”

அப்புறம், “உள்ள பளபளன்னு மின்னுதா பாரு. மின்னுனா சீனி போட்டிருக்கான்.”

படத்தில் பார்த்துச் சொல்லேன் என்றேன். அதில்தான் பெரிசாக்கிப் பார்க்கலாமே.

“படத்துல கருப்பட்டி தெரியுமா? அரைக் கிலோ அனுப்பி வை, வாயில போட்டுப் பாத்துச் சொல்லுதேன்.”

டிசம்பர் 8

மதியச் சாப்பாட்டு நேரத்தில் தபால் ஆபீசுக்கு ஓடினேன். பாட்டாலியை வங்காளச் செய்தித்தாளில் சுற்றி, எவர்சில்வர் டப்பாவில் வைத்து, அதற்கு மேலே துணி தைத்து. தையல் நேற்று ராத்திரி மாஷிமா போட்டது, படம் இருக்கிறது. கவுண்டரில் இருந்தவர் உள்ளே என்ன என்றார். நொலேன் குர் என்றேன். நிமிர்ந்து பார்த்தார். எங்கே வாங்கினீர்கள், கிலோ என்ன விலை என்று கேட்டார். சொன்னேன். பின்னால் வரிசையில் நின்ற இரண்டு பேர் ‘இஷ்’ என்றார்கள். ஒருவர் நான் ஏமாந்துவிட்டதாகச் சொன்னார். இன்னொருவர் அந்தச் சந்தையே சரியில்லை என்றார். கவுண்டர்காரர் கட்டை எடைபோட்டு முத்திரை குத்திவிட்டு, ஜனவரி வரட்டும், குளிர் ஏறட்டும், இப்போது வருவதில் எல்லாம் சர்க்கரைதான் என்றார்.

இதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. பார்சல் போய்ச் சேர ஐந்தாறு நாள் ஆகும்.